கேட்டு நடந்த பாதை

என் பாண் வாசனை அப்பாவுக்கு,

நம் வீட்டுக்கு ஏறி வரும் பாதையைப் பிரதேச சபை பொறுப்பெடுத்து, எல்லாருக்குமான தெருவாக்க வேண்டுமென்று ஒருவர் மனுப் போட்டிருக்கிறார். யாரென்று நினைக்கிறீர்கள்? தர்மலிங்கம் முதலாளியின் மகன் சுகுமார். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பேக்கரியில் மாவு பிசைந்து சேர்த்ததில் அம்பிட்டிய மேட்டில் நீங்கள் காணி வாங்கினீர்கள். உறுதிப் பத்திரத்தில் காணி இருந்தது, வழி இல்லை. முதலாளியின் காணி வழியாகத்தான் ஏறியாக வேண்டும். பத்து வருஷம் கேட்காமல் நடந்தால் பாதை நடந்தவனுக்குச் சொந்தமாகிவிடும் என்று அவருக்கு எந்த லோயர் ஓதினானோ, ஒவ்வொரு ஜனவரி முதலாந் தேதியும் மேட்டிலிருந்த நான்கு வீட்டாரும் அவருக்குக் கடிதம் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். எழுதியது நான். ஆறாம் வகுப்பிலிருந்து பதினாறு கடிதம்.

ஒரு வருஷம் ‘மட்டுமே’ என்ற சொல்லை விட்டுவிட்டேன். அந்த மனுஷன் கதிரையில் சாய்ந்தபடி, “மகள்கிட்ட சொல்லி ஒழுங்கா எழுதிட்டு வா” என்று உங்களைத் திருப்பி அனுப்பினார். நீங்கள் ஏறி வந்து, நான் எழுதும்வரை நின்று, மறுபடி இறங்கிப் போனீர்கள். நல்ல நாளும் அதுவுமாக!

அப்பா, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அன்று அந்த ஆளைவிட உங்கள்மீதுதான் எனக்கு அதிக வெறுப்பு. அந்தக் கடதாசியை ஏன் அவர் முகத்திலேயே வீசவில்லை? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் போன பிறகு முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், கடிதமும் அத்தோடு நின்றது. வண்டி ஏறாமலிருக்க அவர் பாதை நடுவே நட்ட இரும்புக் கம்பம் மட்டும் அப்படியே நிற்கிறது. அம்மாவுக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை. கிளினிக் நாளில் என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ராஜு அண்ணனும் அம்மாவை பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை தூக்கிப் போகிறார்கள். அதையெல்லாம் தன் வீட்டு விறாந்தையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சுகுமாருக்குப் போன மாதம்தான் மனம் இளகியது. கேக் பெட்டியோடு வந்தான். அதுவரை நான் ‘பேக்கரிக்காரன் மக’. அன்று ‘அக்கா’.

“அக்கா, ஒரு சத்தியக்கடதாசி வேணும். இருபது வருஷமா யார்கிட்டயும் கேக்காம, தடையில்லாம நடந்தோம்னு. ஒரே ஒரு கையெழுத்து. அம்மாவுக்கு வாசல்லயே ஆட்டோ வந்து நிக்கும்.”

“கேக்காமலா? அப்ப நான் எழுதின கடிதமெல்லாம்?”

“அப்பா செத்ததும் எல்லாத்தயும் எரிச்சிட்டேன் அக்கா. நீங்க பயப்படாதீங்க.”

பயப்படாதீங்களாம்! நான்தான் திருடி மாட்டிக்கொண்டேன் பாருங்கள்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். நம் வீட்டுக்கு மேலிருக்கும் தன் காணியை எட்டுத் துண்டாக்கி விற்கப் போகிறான். புதுப் பாதை என்றால் கொங்கிரீட்டும் தண்ணீர் ஓடக் கானும் அவனே போட்டுக் கொடுக்க வேண்டும். ஊரார் காலங்காலமாகத் தாராளமாக நடந்த பாதை என்றால் சபையே போட்டுவிடும். போதாதற்குத் தெருவுக்குத் ‘தர்மலிங்கம் மாவத்தை’ என்று பெயர் வைக்கவும் எழுதியிருக்கிறான். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஆனாலும் அப்பா, அவன் விட்டுப்போன சத்தியக்கடதாசியை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன். அம்மாவுக்காக மட்டுமல்ல. கையெழுத்துப் போட்டால், நீங்கள் ஒருநாளும் எவன் முன்னாலும் போய் நிற்கவில்லை என்று ஆகிவிடும். எனக்கு அது வேண்டியிருந்தது. எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆளும் யாரையும் தடுக்காத மகராசனாகிவிடுவார் என்பது பிறகுதான் உறைத்தது.

அம்மாவிடம் கேட்டேன். “எனக்கு ஆட்டோ வேணுந்தான்டி. ஆனா உங்கப்பா அங்க போய் நின்னாரே, அது பொய்யா?” என்றார்.

போன வாரம் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்தார். சனம் கூடியது. யாராவது உங்களைத் தடுத்தார்களா என்று கேட்டார். சுகுமார் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

“தடுத்தாங்க சேர். வருஷா வருஷம் கடிதம் குடுத்துத்தான் நடந்தோம். எழுதினது நான்தான்.”

“அக்காவுக்கு ஞாபகப் பிசகு சேர்,” என்றான்.

அப்படியே ஒப்பித்தேன். “தங்கள் பெருந்தயவால், தங்கள் அனுமதியுடன் மட்டுமே, தங்கள் காணி வழியாக நடந்து வருகிறோம்.” ஒரு சொல் பிசகவில்லை. தலையைக் குனிந்து நின்ற ராஜு அண்ணன், “நாங்களுந்தான் குடுத்தோம்” என்றார். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார்.

“அப்ப ரோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. கம்பம் நிக்கட்டும்!” என்று கத்திவிட்டுப் போனான் சுகுமார். நிற்கட்டும். ரோடில்லாத காணியை எவன் வாங்குவான்? இன்றைக்கோ நாளைக்கோ தன் கையாலேயே பிடுங்குவான். பிடுங்காமலும் போகலாம். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது, மறைக்கவில்லை.

நேற்று கிளினிக். அம்மாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். சுகுமார் விறாந்தையில் நின்றான். சங்கடத்தில் என் வீட்டுக்காரரும் ராஜு அண்ணனும் எட்டி நடந்தார்கள்.

“ஏம்ப்பா ஓடுறீங்க?” என்றார் அம்மா. “மெதுவாப் போங்க. அவன் நல்லாப் பாக்கட்டும்.”

மெதுவாகத்தான் போனோம் அப்பா. இனியும் அப்படித்தான் போவோம், எவனையும் கேட்க மாட்டோம். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
ராணி