நத்தைக்கு வைத்த பெயர்

நோர்வேயில் இருக்கும் என் கணவருக்கு,

கட்டுரையைப் பார்த்தேன். ஆழ்கடலில் கிடைத்த புதிய நத்தை இனத்துக்கு என் பெயரை வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா குருநகர்க் கோயில் வாசலில் எல்லோரையும் மறித்து, "மருமோன் என்ரை பிள்ளையின்ரை பேரை உலகம் முழுக்கத் தெரியப் பண்ணிப்போட்டார்" என்று சொன்னார். நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் கட்டுரையை எழுதியவர்களின் வரிசையில் என் பெயர் இல்லை. நெல்மணி அளவேயான அந்த நத்தைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் அறுத்து, இனத்துக்கு இனம் வேறுபடும் நாக்குப் பற்களை வரைந்து, இது வேறு இனம் என்று முதலில் சொன்னவள் நான். நான் வெட்டி அனுப்பிய சதையில்தான் நீங்கள் மரபணுவைப் பார்த்தீர்கள்.

என்னை ஏன் சேர்க்கவில்லை என்று தொலைபேசியில் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "கட்டுரை எழுதின ஆள் தன்ரை பேரையே இனத்துக்கு வைக்கிறதில்லை எண்டு உமக்குத் தெரியுந்தானே. உமக்குப் பெருமை எண்டுதான் அப்பிடிச் செய்தனான்."

பெருமையாம். எனக்கு அந்த வழக்கம் தெரியும். பிரசுரமான பெயரை இனி மாற்ற முடியாது என்பதும் தெரியும். முதலில் என்னிடம் கேட்டிருந்தால், நத்தைக்கு வேறு பெயர் தேடுங்கள், என் பெயரைக் கட்டுரையில் போடுங்கள் என்றிருப்பேன். அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை.

கட்டுரை வெளிவந்த சஞ்சிகையின் ஆசிரியருக்கு இன்று நான் வரைந்த படங்களை அனுப்பி, நடந்ததை எழுதிவிட்டேன். அவர் உங்களிடம் விளக்கம் கேட்பார்.

உங்களிடம் வருவதற்கான விசா நேர்முகத்துக்கு நான் கொழும்பு போகப்போவதில்லை. அம்மாவிடம் நானே கதைப்பேன். இங்கே என் ஆய்வுகூடப் போத்தல்களில் இன்னும் அறுக்காத நத்தைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து உங்களுக்கு ஒன்றும் வராது.

இப்படிக்கு,
படங்களை வரைந்தவள்