உன் அம்மா எல்லோரையும் ஏறச் சொன்னாள்

அன்பு மகள் நில்டாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆடுகளும் சுகம், வலென்சியாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்ததைச் செய்தியில் பார்த்துப் பயந்திருப்பாய், அம்மாவுக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டுந்தான், பயப்படாதே. நீ வற்புறுத்திச் சேர்த்துவிட்ட ஸ்பானிய வகுப்புக்கு அவள் ஒழுங்காகப் போகிறாள். சின்ன வயதில் லிமாவில் வீட்டு வேலை பார்த்தபோது லாவா, பார்ரே, கொசினா, அதாவது துவை, பெருக்கு, சமை என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், ஒருவரையும் அப்படி ஏவியதில்லை. வகுப்பில், ஏவலை மரியாதையாகச் சொல்ல 'ஆ' முடிவை 'ஏ' ஆக்கு, 'ஏ' முடிவை 'ஆ' ஆக்கு, பலருக்கென்றால் கூடவே ஒரு 'ன்' சேர் என்று ஆசிரியை எலியானா சொல்லிக்கொடுத்ததைச் சூப் கிண்டும்போதெல்லாம் முணுமுணுப்பாள். போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போன பேருந்து வழியில் நின்றுவிட்டது, முன்னால் பாதையெல்லாம் சேறு. எல்லோரும் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பக்கத்து ஓடை திடீரென்று வற்றியதை அம்மா பார்த்திருக்கிறாள், மேலே எங்கோ தண்ணீர் அடைபட்டிருக்கிறது, உடைத்துக்கொண்டு வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. நம் கெச்சுவா மொழியில் கத்தினாளாம், பேருந்தில் வந்த லிமாக்காரர்கள் புரியாமல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே ஸ்பானிய மொழியில், தேஹென் தோதோ! கோர்ரான்! சூபான்! எல்லாத்தையும் விட்டுடுங்க, ஓடுங்க, மேட்டுல ஏறுங்க என்று அலறியிருக்கிறாள். தொப்பிக்காரர் ஒருவர், ஏம்மா, எங்களுக்கு உத்தரவு போட நீ யாருன்னு எகிற, அவர் பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சூபா! ஏறுங்கய்யான்னு ஒரு அதட்டல் போட்டாளாம். எல்லோரும் மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போதே சேறு பேருந்தை உருட்டிக்கொண்டு போய்விட்டது. ஒரு உயிருக்கும் சேதமில்லை மகளே. அந்தத் தொப்பிக்காரர் அவள் கையைப் பிடித்து அழுது, இன்னும் என்ன செய்யணும், சொல்லுங்கம்மா என்றாராம். உட்காருங்கன்னு சொல்ல நினைச்சேன், அந்த வினைச்சொல் இந்த விதிக்கு அடங்காததுன்னு எலியானா இன்னும் நடத்தலை, அதான் நிக்கவே விட்டுட்டேன்னு இவள் சிரிக்கிறாள். நான் பெருமையில் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன், போதும் வாயை மூடுன்னு எனக்கும் ஏவல் கிடைக்கிறது. நீ குளிரில் கழுத்தை மூடிக்கொள், இரவு வேலையைக் குறைத்துக்கொள். அம்மா உனக்கு ஒரே ஒரு சொல் எழுதச் சொன்னாள், ரெக்ரேசா, திரும்பி வா. மரியாதையாக ரெக்ரேசே என்று எழுதட்டுமா என்று சீண்டினேன். அவ என் பொண்ணு, அவகிட்ட எனக்கென்ன மரியாதை, வான்னே எழுதுங்க என்றாள்.

கடவுள் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் அப்பா,
தெயோதோசியோ