பெரியப்பாவுக்காக ஒரு வசைப்பாட்டு

03.05.1986
இன்று முதல் நடப்பதையெல்லாம் நடந்தபடியே எழுதுவேன். என் பிழைகளையும் எழுதுவேன். ஆனால் முதலில் வினாயகமூர்த்தி சேரின் பிழை.

அப்பாவின் அண்ணன், தங்கராசா பெரியப்பா, கப்பல் வேலைக்குப் போய் இங்கிலாந்தில் இறங்கியவர். அங்கே ஒரு மில் நகரத்துக்காக ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ரக்பி லீக் ஆடினார். முன்வரிசை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதிராளிகள் மேல் போய் மோதுவதுதான் வேலை. மூக்கு மூன்று தரம் உடைந்தது. காதுகள் அவித்த கிழங்கு மாதிரி. வலது முழங்கால் மடங்காது.

நேற்று எங்கள் விளையாட்டுப் போட்டியைப் பார்க்க வந்தார். விளையாட்டு ஆசிரியர் வினாயகமூர்த்தி சேர் ஒலிபெருக்கியில், "இந்தா வாறார் லண்டன் வீரர்! கப்பல்ல கோப்பை கழுவினவருக்கும் ஒரு கதிரை போடுங்க" என்றார். கல்லடி ஊரே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்தார்.

பொய்யன் என்றுதானே அதற்கு அர்த்தம்? விடமாட்டேன்.

07.05.1986
பெரியப்பாவின் சூட்கேசில் ஒரு பத்திரிகைத் துண்டு. அகராதி வைத்து வாசித்தேன். தன் மூக்கை உடைத்த ஒருவனுக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்து, அடுத்த முறை அவன் எதிரே வந்தபோது தாடையை உடைத்திருக்கிறார். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். கழகம் விலக்கிவிட்டது.

மூன்று முறை வாசித்தேன். பதினான்கு மாதம்! எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

11.05.1986
மழையில்லை, அம்மை நோய் வேறு. அம்மன் மனம் குளிர, கோயிலில் கொம்பு முறிக்கப் போகிறார்கள். ஊரே பிறப்பால் இரண்டு கட்சி. நாங்கள் தென்சேரி, சேர் வடசேரி. இரண்டு வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி இரு பக்கமும் இழுப்பார்கள். முறிந்த கொம்புக்காரர் தோற்றவர். வென்றவர்கள் தோற்றவர் வாசலில் நின்று வசை பாடலாம். என்ன பாடினாலும் கோபிக்கக்கூடாது.

என்ன பாடினாலும்!

13.05.1986
பெரியப்பா இழுப்பார் என்று தென்சேரித் தலைவர் அருமைநாயகம் மாமாவிடம் நானே சொல்லிவிட்டேன்.

"ஆரைக் கேட்டுச் சொன்னாய் கா? இந்தக் காலோடயா?" என்று பெரியப்பா ஏசினார். பிறகு காலை இழுத்து இழுத்து முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தார். மறுகா கேட்டார்: "எத்தின பேர் இழுக்கிற?"

15.05.1986
சேர் வீட்டுக்கு வகுப்புக் கொப்பிகள் கொண்டுபோனேன். மகன் யோகராசா வேலைக்குக் கட்டாருக்குப் போய் நாலு மாதம் என்று சேர் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அறைக் கதவு இடுக்கால் ஒரு கை வந்து தண்ணீர்ச் செம்பை எடுத்தது. ஆறு விரல் உள்ள கை. இந்தத் தெருவில் ஆறு விரல் யோகராசா அண்ணனுக்கு மட்டும்தான்.

அப்ப ஆர் பொய்யர்?

18.05.1986
வென்றோம்! பெரியப்பா முன்வரிசையைத் தோளோடு தோள் நெருக்கி நிறுத்தினார். "ஒருத்தனும் தனிய இழுக்கப்படா. மூச்சையும் ஒண்டா விடுங்கடா!" வடசேரிக் கொம்பு வெடி மாதிரிச் சத்தத்தோடு முறிந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

நான் வசைப்பாட்டு எழுதிவைத்திருந்த கடதாசியை அருமைநாயகம் மாமாவிடம் கொடுத்தேன். "ஆரு புள்ள கட்டின? சோக்காத்தான் இரிக்கி!" என்றார். நான்தான் என்றேன். சேர் வீட்டு வாசலில் பறை அடித்து அறுபது பேர் பாடினார்கள்:

கட்டாருக்குப் போன மகன்
கட்டிலுக்குக் கீழிரிந்து
சோறு தின்னுறானாம் – வடசேரி
சோர்ந்து போச்சுதாம்!

எல்லோரும் வெறும் பகிடி என்று சிரித்தார்கள். வாசல் படலையைப் பிடித்திருந்த சேரின் கை மட்டும் வெளுத்துப் போயிருந்தது. இனிக்கிறது. உண்மையாகவே இனிக்கிறது.

20.05.1986
விடிய ஆமியின் சுற்றிவளைப்பு. மூன்று ஜீப். வேறெங்கும் நிற்காமல் நேரே சேர் வீட்டுக்கு. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள்.

21.05.1986
பாட்டு எங்கெல்லாம் கேட்டிருக்கும்? ரோட்டில – பாலத்து ஆமிச் சென்றியில – நான் பகிடிக்குத்தானே –

இல்லை. நடந்தபடியே எழுத வேண்டும். பகிடிக்கு இல்லை. ஆனா ஆமி பெடியன்களைப் பிடிக்கிற நேரத்தில ஒளிச்சிரிக்கிறவன் எதுக்கு ஒளிச்சிரிக்கிறான் எண்டு நான் யோசிக்கல்ல. சேரைத் தவிர வேற ஒண்டையும் யோசிக்கல்ல.

24.05.1986
சந்தைக்கு முன்னால் சேர் அருமைநாயகம் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "பாட்டுக் கட்டினவன் ஆர்? சொல்லு!" மாமா என் பக்கம் திரும்பினார். அதற்குள் பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, "நான்தான்" என்றார்.

சேர் மூக்கில் குத்தினார். பெரியப்பா இரண்டு கைகளையும் பின்னால் கோர்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது குத்துக்கும் அப்படியே நின்றார்.

வீட்டில் ரத்தத்தைத் துடைத்தபடி, ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நான் தாடையை உடைச்சேனே, அவன்ட பேர் இப்பவும் ஞாபகம் மனே. அவன்ட புள்ளைகள்ட பேரும் தெரியும்." பிறகு, "நீ வாயைத் திறக்காத" என்றார்.

02.06.1986
யோகராசா அண்ணனைத் தெற்கே கொண்டுபோய்விட்டார்களாம். எந்த இடம் என்று தெரியாது. அன்று பெரியப்பாவைத் தூக்கி ஆடியவர்கள் இப்போது அவரைக் கண்டால் ரோட்டின் அடுத்த பக்கம் போகிறார்கள். கடைக்காரர் சாமானை மேசையில் வைக்கிறார், கையில் கொடுப்பதில்லை. 

09.06.1986
பின்னேரம், ஊரடங்குக்கு முன் சேர் வீட்டுக்குப் போனேன். விறாந்தையில் தனியே இருந்தார். "சேர், பாட்டு நான் எழுதினது. பெரியப்பா இல்ல. கையையும் நான்தான் கண்டது." முதலில் எழுதிய தாளையும் நீட்டினேன். வெட்டித் திருத்திய இடங்கள் உட்பட எல்லாவற்றையும் வாசித்தார். பரீட்சைத் தாள் வாசிப்பது போல.

உள்ளே இருந்து அவருடைய மனைவி இராசாத்தி அன்ரி, "ஆரது வந்திரிக்கிற?" என்று கேட்டார்.

"ஒருத்தருமில்ல" என்றார் சேர்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எழுந்து விறாந்தை லைட்டை நிப்பாட்டினார். பிறகு உள்ளே போய் ஒவ்வொரு அறை லைட்டாக நிப்பாட்டினார். கதவை மட்டும் சாத்தவில்லை, யோகராசா அண்ணன் வந்தால் தட்டாமல் நுழையட்டும் என்பது போல.