ஆண்டெனா மேல சேவல்

மாமா,

நீ நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கிகினு கீறே, எழுப்ப மனசு வர்ல. சோறும் கருவாட்டுக் கொழம்பும் அடுப்பாண்ட மூடி வெச்சுக்கீறேன்.

சிங்கப்பூர்லேர்ந்து என் தம்பி கொண்டாந்த நெஞ்சு மாத்திரை, அதான் அந்தக் கோஎன்சைம், "மொதல்ல யாருனா துன்னு காட்டட்டும்"னு நேத்து சண்ட போட்டே இல்ல? காலைல ஒண்ணைக் கிள்ளி, சோத்துல பெசஞ்சு நம்ம சேவலுக்கு வெச்சேன். அது பறந்து போய் பக்கத்து ஊட்டு ரகுநாதன் சார் ஆண்டெனா மேல குந்திகினு எறங்க மாட்டேங்குது. டிவில படம் வர்லன்னு அவரு கேக்க வருவாரு. மாத்திரைய பத்தி மூச்சு வுடாதே, அவரும் ஒண்ணு கேப்பாரு. சேவலப் புடிக்க நீ மேல ஏறாதே. போன மாசம் நெஞ்சு வலிச்சப்போ டாக்டரு இன்னா சொன்னாரு?

சேவலும் மன்சனும் ஒண்ணான்னு நீ கேப்பே. அதான் நானும் ஒண்ணு முழுங்கிட்டேன். அம்பத்தூர் கம்பெனிக்குக் கெளம்பறேன்.

பேபி

பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்து எழுதறேன். எனக்கு ஒண்ணும் ஆவல. நீ அசையாம படுத்துகினு இருந்தே, மூக்காண்ட கைய வெச்சுப் பாத்தேன், மூச்சு வருது. துன்னுட்டு ஒண்ணு போட்டுக்கோ மாமா.