சிவப்புப் பொட்டு வைத்த வாளி

அக்கா,

இன்று காலை கற்பூரவல்லிக்குத் தண்ணீர் ஊற்ற, அது வளர்கிற பழைய வாளியை இழுத்தபோது பிடி கையோடு கழன்று வந்துவிட்டது. மருமகள் பார்த்துவிட்டு, "இன்னுமா அத்தை இந்தத் தகரத்தை வச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டுட்டு நல்ல தொட்டியா ஒண்ணு வாங்கலாம்" என்றாள். தொட்டி வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாளியைத் தூக்கிப் போடுவது மட்டும் நடக்காது. அதன் வயிற்றில் நீங்கள் வைத்த சிவப்புப் பொட்டு இன்னும் இருக்கிறது. துருவுக்கு நடுவே தேடித்தான் பார்க்க வேண்டும், ஆனால் இருக்கிறது.

மயிலாப்பூரில் அந்த ஒண்டுக்குடித்தன வீட்டுக்கு நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தியாகராய நகரில் ஊர்க்காரர் ஒருவரின் துணிக்கடையில் வேலை. அத்தனை குடித்தனத்துக்கும் கொல்லையில் ஒரே கக்கூஸ். வாளியில் தண்ணீர் பிடித்து வரிசையில் வைத்துவிட்டால் போதும், ஆள் நிற்க வேண்டாம். ஒருவர் வாளியை இன்னொருவர் நகர்த்தியதாக எனக்கு நினைவே இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைகூட முற்றத்துக்கு வரும். வாளிச் சண்டை வந்ததில்லை.

அந்த வரிசையில்தான் என் வயிற்று நோய் வெளியே தெரிந்தது; அடிக்கடி ஓட வேண்டியிருக்கும். ஒரு தடவை போய்விட்டு வந்தால் வாளியை மறுபடி கடைசியில்தான் வைக்க வேண்டும். முறை வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். சுவரைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நிற்பேன். பக்கத்துக் குடித்தனத்திலிருந்த நீங்கள் ஒரு நாள் அதைப் பார்த்தீர்கள். மறுநாள் உங்கள் வாளிக்குப் பக்கத்தில் இன்னொரு வாளி இருந்தது. உங்கள் வீட்டுக்காரர் பெயிண்ட் வேலைக்குப் போகிறவர், அவருடைய டப்பாவில் விரலைத் தொட்டுப் பொட்டும் வைத்திருந்தீர்கள். "இன்னா பாக்குறே? அது உன்னுது. எப்பவும் முன்னாடியே இருக்கும். நீ பாட்டுக்குப் போய்க்கினு வந்துக்கினு இரு" என்றீர்கள். வீட்டுச் சொந்தக்கார அம்மாள், ஒரு குடித்தனத்துக்கு எத்தனை வாளி என்று கேட்டார். "எனக்கு வயிறு ரெண்டு, போதுமா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஊரிலிருந்து வந்த என் மாமியார் வேறு கணக்குப் போட்டார். சாப்பாடு பிடிக்கவில்லை, முகம் வெளுத்திருக்கிறது, அடிக்கடி கொல்லைக்கு ஓடுகிறாள். "ஏளா, முழுகாம இருக்கியோ?" என்றார். இல்லை என்றால் பிறகு என்ன என்று சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், ஒரு வீட்டிலிருந்து மாங்காய், ஒரு வீட்டிலிருந்து புளியோதரை, காரமாக ஊறுகாய். எல்லாவற்றையும் மரியாதைக்குத் தின்றுவிட்டு முன்னைவிட மோசமாக ஓடினேன். நீங்கள் மட்டும் ஒரு கிண்ணம் குழைந்த மோர்ச்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனீர்கள்.

முழுகாமல் இல்லை என்று தெரிந்ததும் மாமியாரின் பேச்சு மாறியது. "ஒடம்பு தேறுத வரைக்கும் அவ அம்மை வீட்டுல கெடக்கட்டும்" என்று மகனிடம் சொன்னது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குக் கேட்டது. சீக்கு என்று அம்மா வீட்டுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி வராமலே போன பெண்களை எங்கள் ஊரில் நான் பார்த்திருக்கிறேன். அன்று பயந்தது போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

டாக்டரிடம் போகாமல் இல்லை. மயிலாப்பூரில் பார்த்தோம், தியாகராய நகரில் பார்த்தோம். எல்லா இடத்திலும் டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் "என்ன செய்யுது?" என்பார். அவரும் "பசியில்ல, வயிறு மந்தம், அப்பப்போ பேதி" என்பார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெண்டாட்டியின் வயிற்றுக்கும் புருஷன்தான் பேச வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அமீபா என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் அமீபாதான்.

ரத்தம் போவதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அடுத்த வாளி உங்களுடையது என்பதால் உங்களுக்குத் தெரிந்திருந்தது. "டாக்டராண்ட சொன்னியா?" என்று கேட்டீர்கள். தலையைக் குனிந்துகொண்டேன். "சரி, இந்த தபா நானும் வரேன்."

அடையாறில் ஒரு பெரிய டாக்டர். பஸ்ஸில் போக எனக்கு நடுக்கம். நீங்களோ வழி முழுக்கத் திட்டம் போட்டு வைத்திருந்தீர்கள். "மந்தைவெளியில என் நாத்தனார் வூடு கீது. அடையாத்துல சித்தி வூடு கீது. நடுவுல ராஜா அண்ணாமலைபுரத்துல மட்டும் நமக்கு ஆளு இல்ல. அங்க மட்டும் தாங்கிக்கோ." பயத்திலும் சிரித்துவிட்டேன். உங்கள் நாத்தனார் வீட்டில் இறங்கத்தான் வேண்டியிருந்தது. அந்த அம்மாள் காரணம் கேட்காமல் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார்.

டாக்டர் வழக்கம்போல என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "தம்பி, வாங்க, ஒரு சோடா குடிச்சிட்டு வருவோம். வயிறு அவளுது, அவ சொல்லட்டும்." அவருடைய கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கூட்டிப் போய்விட்டீர்கள். அறையில் டாக்டரும் நர்ஸும் நானும். எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். "ரத்தம் போகுது" என்றேன். அதைச் சொன்னதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. ஓட்டம், வலி, பஸ், மாங்காய், எல்லாம்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வெள்ளையாக ஏதோ ஏற்றிப் படம் எடுத்தார்கள். பெருங்குடலில் புண், அமீபா இல்லை, முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார்கள். போகாது என்று கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். உங்களிடம் ஓடி வந்து சொன்னேன். "பேரு வச்சிட்டாங்கல்ல? இனிமே திட்டறதுக்காவது ஒரு பேரு கீது" என்றீர்கள்.

அம்மா வீட்டுக்கு என்னை அனுப்பவில்லை. ஏன் என்று ரொம்ப நாள் கழித்து, மாங்காய் எனக்கு நிஜமாகவே தேவைப்பட்ட சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் சொன்னார். சோடாக் கடையில் நீங்கள் அவரிடம் சொன்னீர்களாம்: "நம்ம வூட்ல ஒருத்தர் வாளிய இன்னொருத்தர் நகத்த மாட்டோம் தம்பி. அந்தப் பொண்ணையும் வச்ச எடத்துலேர்ந்து நகத்தாதே." அவர் சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு, "நகத்த மாட்டேன் அக்கா" என்றாராம். அன்று சாயங்காலமே மாமியாரிடமும் சொல்லிவிட்டார்.

அந்த நோய் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. வரும், கொஞ்ச நாள் ஆட்டிவைக்கும், அடங்கும். எந்தத் தெருவுக்குப் போனாலும் முதலில் கொல்லைக் கதவு எங்கே என்று கண் தேடும். மற்றபடி நன்றாகவே வாழ்ந்துவிட்டேன். போன வாரம் புது டாக்டரிடம் மகன், "அம்மாவுக்கு வயிறு..." என்று ஆரம்பித்தான். "நீ வெளியே போய் ஒரு சோடா குடிச்சிட்டு வா" என்றேன். "இந்தக் காலத்துல யாரும்மா சோடா குடிக்கிறாங்க?" என்று முனகிக்கொண்டே போனான்.

பிடிக்குக் கம்பி வைத்துக் கட்டிவிட்டேன், அக்கா. செடி புதுத் தொட்டிக்குப் போகட்டும். வாளியைத் துடைத்து, பொட்டு தெரிகிற பக்கத்தைத் திருப்பி, பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். நகர்த்தக் கூடாது என்று மருமகளிடமும் சொல்லியாகிவிட்டது.