கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு மடிக்கணினி

உங்கள் பெரிய கணினியின் மேல்மூடியைக் கழற்றியதும் சந்தன வாசனை வந்தது. இத்தனை வருடத் தூசிக்கு அடியில் அது எப்படித் தங்கியிருந்ததோ தெரியவில்லை. சிடி தட்டின் ஓரத்தில் காய்ந்த மஞ்சள் பொருக்கு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பக்கத்தில் நின்ற உங்கள் கணவர் வேலுச்சாமி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, அந்தத் தட்டை மட்டும் பாக்காதீங்க. மானம் போகுது" என்றார்.

நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதனால் இன்று நடந்ததை உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆயுத பூஜையை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னிமலைப் பெட்ஷீட்டுக்குக் கணினியில் கரை வரைகிறார்கள் என்று கேள்விப்பட்டு, செய்தி எடுக்க நான் சிங்காநல்லூருக்கு வந்துபோகத் தொடங்கியிருந்த நேரம். ஒர்க்ஷாப்புகளுக்கு மேலே, மாடியில் உங்கள் டிசைன் கூடம். யூனிக்ஸ் கணினிகள் இரண்டு, வெளிநாட்டில் கழித்துவிட்டவற்றை வாங்கி நீங்களே சீர்செய்தவை. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த உங்கள் கணவர், பெரிய கணினியின் சிடி தட்டு வெளியே நீண்டிருப்பதைப் பார்த்தார். அதில் சந்தனம் தடவி, வெற்றிலை பாக்கு வைத்து, மேலே ஒரு பூவன் பழத்தையும் வைத்தார். பிறகு முகப்பில் பொட்டு வைக்கப் போன விரல் பொத்தானில் பட்டது. தட்டு பழத்தோடு உள்ளே போய்விட்டது.

"என்னங்க பண்ணுனீங்க?" என்று ஓடி வந்தீர்கள்.

"அதுவாத்தான் தட்டை நீட்டுச்சு. நல்ல நாளும் அதுவுமா வெறுந்தட்டா உடலாமான்னு வெச்சேன். நான் என்னத்தக் கண்டேன், முழுங்கிப்போடும்னு!"

நீங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியுங்க, வாயைக் கெடுத்துப்போட்டீங்க. இனி இதுக்கு ஊட்டறதெல்லாம் ஒயரு வழியாத்தான்" என்றீர்கள். அந்த டிரைவ் அதற்குப் பிறகு ஒரு சிடியைக்கூடப் படிக்கவில்லை.

ஒயர் வழியாக ஊட்டுவது என்றால் என்ன என்று கேட்டேன். நீங்கள் வாய் திறப்பதற்குள் உங்கள் கணவர் ஆரம்பித்துவிட்டார். கரண்ட் ஒயர் போல என்றார், பிறகு டெலிபோன் ஒயர் போல என்றார். அது அவர் சுபாவம். உங்களிடம் யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் அவருடையதாகத்தான் இருக்கும். நீங்கள் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. "ஏனுங்க, பேப்பர்க்காரம்மாவுக்கு ஒரு டீ சொல்லிட்டு வாங்க" என்பீர்கள். அவர் படியிறங்கும் சத்தம் தேயும்வரை காத்திருந்து, பிறகு எனக்குச் சொல்வீர்கள்.

அன்று நீங்கள் சொன்னதை இப்போதும் அப்படியே எழுத முடியும். டிஸ்க் காலியாக இருக்கும் கணினிக்கு எழுந்ததும் தன் முகவரியே தெரியாது. ஒயரில் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும்: நான் யார் என்று யாராவது சொல்லுங்கள். அதே ஒயரில் காத்திருக்கும் இன்னொரு கணினி அதன் முகவரியைச் சொல்ல வேண்டும். அடுத்து, முதலில் ஓட வேண்டிய ஒரு சின்ன நிரலை அனுப்ப வேண்டும். அது ஓடத் தொடங்கினால் மிச்சத்தைக் கோப்பு கோப்பாக அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். "கூப்புடறது அதோட வேலை. பதில் சொல்றதுக்கு ஆள் வெக்கிறது நம்ம வேலை" என்றீர்கள். டீ வருவதற்குள் பாடம் முடிந்துவிட்டது. பிறகு நீங்கள் அதைச் செய்துகாட்டியபோது, முகவரி எழுதிய வரியில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன். செய்தித்தாளில் பிழை பார்த்த கண் அது.

நீங்கள் தை மாதம் கண்ணை மூடினீர்கள். சித்திரையில் அவர் எனக்குப் போன் செய்தார். சின்னக் கணினி எப்போதோ ஓய்ந்துவிட்டது. இப்போது பெரியதன் டிஸ்க்கும் போய்விட்டது. நீங்கள் வரைந்தவை எல்லாம் காந்த டேப்பில் இருக்கின்றன, ஆனால் அந்த டேப்பைப் படிக்க இந்தக் கணினி எழுந்தாக வேண்டும். சென்னிமலையிலிருந்து ஒருவர் உங்கள் தென்னம்பாளைக் கரையை மறுபடி கேட்டிருக்கிறார். கோபியில் உங்கள் அப்பாவின் தோப்பில் விரிந்த பாளையைப் பார்த்து நீங்கள் வரைந்த அதே கரை.

"எந்திரிச்சா ஆர்டரை எடுத்துக்கறேனுங்க. இல்லீன்னா அவருகிட்ட முடியாதுன்னு சொல்லிப்போட்டு, கூடத்தையும் சாத்திப்போடறேன். அவ இல்லாம நான் அங்க உக்காந்து என்ன பண்றது?"

நான் எழுதுகிறவள், கணினிக்காரி இல்லை. ஆனால் நீங்கள் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஆள் வேறு யாரும் இல்லை. என் பழைய மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டேன். உங்கள் அலமாரியில் இருந்த யூனிக்ஸ் சிடிகளை அதில் நகல் எடுத்தேன். முகவரி கொடுக்கும் வேலைக்கு ஒன்று, முதல் நிரலை அனுப்ப ஒன்று, மிச்சக் கோப்புகளைத் திறந்து வைக்க ஒன்று என்று மூன்று நிரல்களையும் தனித்தனியாக ஓடவிட்டுச் சரிபார்த்தேன். ஒவ்வொன்றாகச் சரியாகும்போது, செய்தித்தாளின் முதல் பக்கத்தில் முதல்முறை என் பெயர் வந்த நாளைப் போல வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன்.

இன்று காலை மடிக்கணினியை மாடிக்கு எடுத்துப்போனேன். காலி டிஸ்க்கைப் பொருத்தி மூடியைப் போட்டோம். வேலுச்சாமி சுவிட்சைப் போட்டார். மின்விசிறி சுற்றியது. கொஞ்ச நேரத்தில் என் மடிக்கணினியில் ஒரு வரி விழுந்தது. கூப்பிடுகிறது! என் கணினி முகவரியைச் சொன்னது. ஆனால் பெரியது அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. வேறு ஏதோ முகவரியைத் தன்னுடையதென்று வைத்துக்கொண்டு, வேறு எங்கோ கோப்பைக் கேட்டு, கிடைக்காமல் நின்றுவிட்டது. மறுபடி போட்டோம். மறுபடியும் அப்படியே.

"அதுக்கு அவ கைதான் வேணுமுங்க" என்று அவர் செல்போனை எடுத்துக்கொண்டார். "சென்னிமலைக்காரர் பாவம், காத்திருக்கறாரு. சொல்லிப்போடறேன்."

"சித்த இருங்க" என்றேன். பிறகு கணினியைப் பார்த்துத்தான் கேட்டேன், அவரை இல்லை: "உனக்கு யார் இந்த முகவரியைக் கொடுத்தது?"

"மோடமா இருக்குமுங்களா?" என்றார் அவர்.

திரும்பினேன்.

"இல்ல, நெட்டு போனப்ப வந்த பையன் சொன்னானுங்க, மோடந்தான் எல்லாத்துக்கும் நம்பர் குடுக்கும்னு. காலையில எல்லா ஒயரையும் ஒரே டப்பாவுல சொருகிப்போட்டேன். பாக்க நறுவிசா இருக்கட்டும்னு."

எட்டிப் பார்த்தேன். நெட்வொர்க் ஒயர்கள் சேரும் அந்தப் பெட்டியில் என் ஒயர், பெரிய கணினியின் ஒயர், நடுவில் வீட்டு மோடத்தின் ஒயர். கேள்வி ஒயரில் வந்த கணமே, தெரிகிறதோ இல்லையோ, மோடம் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. கோப்பு கேட்டால் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏனுங்க, இந்த மோடத்தை டீ சொல்ல அனுப்புங்க" என்றேன்.

புரிந்ததும் அவர் முகம் சிவந்தது. "அவ உங்ககிட்டயும் சொல்லிப்போட்டாளா?"

"அவங்க சொல்லணுமாக்கும்? நீங்க வாங்கிட்டு வந்த டீயெல்லாம் நான்தானே குடிச்சேன்!"

ஒயரை அவரே பிடுங்கினார். சுவிட்சையும் அவரே போட்டார். கூப்பிட்டது. என் மடிக்கணினி முகவரி சொன்னது. முதல் நிரல் போயிற்று. பிறகு மடிக்கணினியில் வரிகள் விழத் தொடங்கின, ஒன்றன்பின் ஒன்றாக, நான் படித்து முடிப்பதற்குள் அடுத்தது. கேட்கிறது, கொடுக்கிறது, கேட்கிறது, கொடுக்கிறது. "ஊட்டுது, ஊட்டுது!" என்று அவர் கத்தியதில் கீழே ஒர்க்ஷாப்பில் யாரோ என்னவென்று கேட்டார்கள். அவர்களுக்கும் அவர்தான் பதில் சொன்னார், ஜன்னல் வழியாக, விவரமாக.

பொழுது சாயும்போது டேப் சுற்றி முடிந்தது. பெயர்ப் பட்டியலில் தென்னம்பாளையைத் தேடித் திறந்தேன். கறுப்புத் திரையில் உங்கள் பாளை விரிந்தது, பூ பூவாக, கட்டம் கட்டமாக. அந்த நேரம் பார்த்துச் சென்னிமலைக்காரரின் போன். ஒலிபெருக்கியில் கேட்டது: "ஏனுங்க, டிசைனு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

உங்கள் கணவர் பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவர் அப்படிக் காத்திருந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"இருக்குதுங்க" என்றார். "நாளைக்கு வாங்க. கூடம் தொறந்திருக்கும்."

பேட்டிக்குப் போகிற இடங்களில் நான் இன்றும் உங்கள் வித்தையைத்தான் செய்கிறேன். முந்திக்கொண்டு பேசுகிறவரை மெல்ல வெளியே அனுப்பிவிட்டு, பதில் தெரிந்தவர் வாய் திறக்கும்வரை காத்திருக்கிறேன். இன்று அவரை அனுப்பாமல் விட்டதால்தான் வேலை நடந்தது. இதை மட்டும் உங்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. மடிக்கணினியை அங்கேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பெரியது எப்போது கூப்பிட்டாலும் பதில் சொல்லும்.