பம்ப் ரூம் சந்து ஏறாத மேப்பு

மச்சான்,

இன்று காலை கவிதா தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். வானகரம் ஃபிளாட்டில் உட்கார்ந்தபடியே நம் தண்ணீர் லாரிக்கு புக்கிங் பக்கம் செய்து கொடுத்தாளே, அதே ஐடிக்காரப் பெண்தான். அதில் இருக்கும் மேப்பை மாற்றப் போகிறாளாம். புது மேப்பில் கட்டடங்கள் எழுந்து நின்றன. விரலால் திருப்பினால் ஏரியே சுற்றியது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. பாரிவாக்கத்தில் பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் சந்து எங்கே என்று தேடினேன். அங்கே வெறும் சாம்பல் நிறம்.

"இன்னாம்மா, ஏரி ஜோரா சுத்துது. எங்க சந்தக் காணோம்?"

"எந்தச் சந்து தாத்தா?"

அவளுக்கு மறந்தே போயிருக்கிறது. நீ இருந்திருந்தால் அவளை அங்கேயே உட்கார வைத்து ஒரு மணி நேரம் கதை சொல்லியிருப்பாய்.

அவள் முதன்முதலில் மூன்று மேப்புகளை நம் முன்னால் வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட லாரிக்காரர்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தோம். முதல் மேப்பு பளபளவென்று இருந்தது. உன் பழைய போனில் அது திறப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. இரண்டாவது சட்டென்று திறந்தது, ஆனால் லாரி நகர்வது தெரியாது. மூன்றாவது பார்க்கச் சுமார்தான். அதில் லாரிப் புள்ளி ஊர்ந்துகொண்டே போனது. உன் முகம் சுருங்கியது.

"டீக்கடைல நிக்கிறதும் தெரியுமாம்மா?"

"தெரியும் தாத்தா."

"அப்போ ரெண்டாவதே நல்லாகீது."

"வந்துகினே கீறேன்னு இனிமே புளுக முடியாதுல்ல மாமே" என்று நான் சொன்னதும் என் தொடையில் கிள்ளினாய். அப்புறம்தான் பம்ப் ரூம் சந்து எங்கே என்று கேட்டாய். மூன்றிலும் இல்லை. ஆறு வீடுகள். உனக்கு முறை இல்லாத நாட்களில் மற்ற டிரைவர்கள் போனைப் பார்த்துவிட்டு, அப்படியொரு சந்தே கிடையாது என்று திரும்பிவிடுவார்கள். அந்தச் சந்துச் சரோஜா அக்கா இடுப்பில் குடத்தோடு மெயின் ரோடு வரைக்கும் வரும்.

"மூணாவதுல மட்டும் நாமளே வரைஞ்சு சேர்க்கலாம்" என்றாள் கவிதா. "போன்ல பதிவைப் போட்டுட்டு அந்த வழியா நடந்தா போதும்."

டீக்கடையை அந்த நொடியில் தியாகம் செய்தாய். "அப்போ அதான். நம்ம சந்து ஏறாத மேப்பு இன்னாத்துக்கு?"

அந்த மேப்பு புக்கிங் பக்கத்தில் ஏறிய மறுநாள் லாரியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடக்கப் போனாய். எந்தப் போனோடு போனாய்? லாரி எங்கே என்று ஊருக்கே காட்டுகிற போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். அளவு சரியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டையும் ஒரு சுற்று வேறு. என் போன் அடங்கவே இல்லை. சரோஜா அக்காவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணாத்தே, லாரி எங்க ஊட்டு பாத்ரூம் மேல நிக்குதுன்னு எம்மவன் சொல்றான். நான் உள்ளதான் கீறேன். வெளிய வரலாமா கூடாதா?"

நீ திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். லாரிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மறு வாரமே யார் லாரி ஓட்டினாலும் சந்து முனையில் நின்று பைப்பை இழுத்தார்கள். அக்காவின் குடம் வீட்டோடு இருந்துவிட்டது.

இதையெல்லாம் கவிதாவிடம் சொன்னேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கு ஓட்டுகிற பையன்களுக்கு அந்த மேப்பைத் தவிர வேறு வழி தெரியாது என்பதையும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் எதையோ தட்டினாள்.

"அழகா இருக்குன்னு இதை எடுத்துட்டேன் தாத்தா. நாம வரைஞ்ச சந்தையும் சேர்த்துக் காட்டுற டூல் இன்னொண்ணு இருக்கு. இவ்ளோ பளபளப்பு இருக்காது."

"பளபளப்ப நீயே வச்சிக்கோ."

மத்தியானமே சந்து வந்துவிட்டது, நீ ஒவ்வொரு வீட்டையும் சுற்றிய சுற்றோடு.

அதற்கு அடுத்தாற்போல் இப்போது புதிதாக நாலு வீடு முளைத்திருக்கிறது. அங்கே இருப்பவர்களிடம் வழியைக் கேட்டு எழுதிக்கொண்டால் போதும் என்றாள் கவிதா. எனக்கு மனசு ஒப்பவில்லை. சாயங்காலம் போனில் பதிவைப் போட்டுக்கொண்டு நானே நடந்தேன். மேப்பில் என் கோடு நேராகப் போய், நடுவில் திடீரென்று வேலி வரைக்கும் ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறது. நாய் என்னைத் துரத்திய இடம். நீ பார்த்திருந்தால் நாய்க்குக் கை கொடுத்திருப்பாய். திருத்தட்டுமா என்று கவிதா கேட்டாள். வேண்டாம், அங்கே நாய் இருப்பது டிரைவருக்குத் தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன்.